உமிழ்வு இலக்குக் கலந்தாய்வுக்கு எங்கள் ஊரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போய் என்ன கேட்பது, எதில் கையெழுத்து வைப்பது?

நீங்கள் யாழ்ப்பாணத் தீவகப் பக்கம், ஒரு கடற்றொழிலாளர் சங்கத்திலோ கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ பொறுப்பில் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நாட்டின் பசுமைஇல்ல வாயு உமிழ்வு இலக்கைப் பற்றிப் பூர்வகுடிகளிடமும் உள்ளூர் மக்களிடமும் கருத்துக் கேட்கும் கூட்டம் என்று கடிதம் வந்திருக்கிறது. போனால் 'நூற்றுக்கு இத்தனை வீதம் சரியா' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் இறங்காதீர்கள். வீதம் கொழும்பில் கணக்குப் போட்டு வருவது. அந்த வீதத்துக்காக எந்த ஊரில் எந்தக் காணி போகிறது என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. 2015 பாரிஸ் உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாடும் 5 வருடத்துக்கு ஒருமுறை தன் இலக்கை ஐ.நா.வுக்குக் கொடுக்கிறது. அதோடு என்னென்ன தகவல் சேர்க்க வேண்டும் என்று 2018இல் போலந்தின் கட்டோவிட்சே மாநாட்டில் ஒரு பட்டியல் போட்டார்கள். இலக்கைத் திட்டமிட்ட முறையை விளக்கும் பகுதியில், பொதுமக்களும் உள்ளூர்ச் சமூகங்களும் பூர்வகுடிகளும் எப்படிப் பங்கெடுத்தார்கள் என்று எழுத அதில் இடம் இருக்கிறது. உங்கள் கூட்டமும் பெரும்பாலும் அந்த இடத்தில் ஒரு வரியாகப் போய் உட்காரும். அந்த வரி என்னவென்று வரைவிலேயே காட்டச் சொல்லுங்கள்.

இலங்கை 2021இல் கொடுத்த ஆவணத்தில் 2030க்குள் 14.5 வீதக் குறைப்பு என்று இருக்கிறது. இதில் 4 வீதம்தான் நாடு தன் சொந்தக் காசில் செய்வது. மிச்சம் 10.5 வீதம் வெளிநாட்டு உதவி வந்தால். குறைப்பு என்பதும் இன்றைய அளவிலிருந்து அல்ல, 'ஒன்றும் செய்யாமல் விட்டால் எவ்வளவு ஏறியிருக்கும்' என்ற கணிப்பிலிருந்து. கூட்டத்தில் இதைச் சொல்லாமல் விட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள், சனம் 14.5 என்றதும் புகை குறையும் என்று நினைக்கும்.

அதே ஆவணத்தில் நிலத்தைத் தொடும் எண்கள் வேறு: மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து, காட்டுப் பரப்பு 32 வீதம், இரண்டுமே 2030க்குள். காற்றும் வெயிலும் வடக்கில் அதிகம் என்பதால் முதலாவது எண் இந்தப் பக்கம்தான் வரும். மன்னார்த் தீவில் 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாட் நிலையம் 2020 முதல் நிற்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய உதவியோடு வகுத்த கலப்பு மின்திட்டத்தில் 530 கிலோவாட் காற்று, 1,700 கிலோவாட் சூரியகலம், 2,400 கிலோவாட் மணி மின்கலம், 2,500 கிலோவாட் டீசல் மின்பிறப்பாக்கி (மற்றவை போதாதபோது ஓட்ட).

இதை நான் எதிர்க்கிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமிலவாயு. தீவில் டீசலை நிறுத்துவது நல்ல காரியம். ஆனால் தரையில் போடும் சூரியகலத்துக்கு மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர் என்பது பொதுக் கணக்கு. 1,700 கிலோவாட் முழுவதும் தரையில் போட்டால் எங்கள் யாழ்ப்பாணக் கணக்கில் (ஏக்கருக்கு 16 பரப்பு) ஏறத்தாழ 110 முதல் 135 பரப்பு வரை. மாடு மேயும் தரவையா, பனங்காணியா, யாரின் உறுதிக் காணி என்று இலக்குப் பேச்சோடு சேர்த்தே கேட்க வேண்டும்.

கிணற்றை மறந்துவிடாதீர்கள். தீவுகளிலும் குடாநாட்டிலும் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் ஒரு வில்லை மாதிரி உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும் என்பது நீரியல் கணக்கு. காற்றாலைக் கோபுரத்துக்கு அத்திவாரம் தோண்டும்போது நாட்கணக்கில் தண்ணீரை இறைத்து மேல்மட்டம் அரை அடி இறங்கி நின்றால், கீழிருந்து உப்பு 20 அடி ஏற வழி. ஆகவே வேலை தொடங்க முன், மாரியில் ஒருக்கா, தென்மேற்குக் காற்றடிக்கும் சோளகக் காலத்தில் ஒருக்கா, சுற்றியுள்ள கிணறுகளின் உப்புத்தன்மையை அளந்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். முன் அளவு இல்லாவிட்டால் பின்னர் உவர்த்தது என்று எவராலும் நிரூபிக்க முடியாது. அணுகுபாதைக்கு மதகு எங்கே, எத்தனை அடி அகலம் என்றும் கேளுங்கள். உயர்த்திப் போட்ட பாதை மாரி வெள்ளத்தை மறித்தால் ஊர்தான் தாழும்.

காட்டுப் பரப்பு 32 வீதம் என்ற எண் வேறு மாதிரி வரும். போருக்குள் இடம்பெயர்ந்து விட்டுப்போன தோட்டமும் வயலும் பற்றைக்காடாகி, பிறகு வரைபடத்தில் காடாக ஏறிய கதை வன்னியில் எல்லோருக்கும் தெரியும். 2015 ஜூனில் நெடுந்தீவிலும் சுண்டிக்குளத்திலும் தேசியப் பூங்காக்கள் அறிவித்தார்கள். எல்லைக்கல் எங்கே விழுகிறது என்று இலக்கு ஆவணத்தில் இராது. அதனால் உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய கிணற்றின் இடம், கோயிலின் இடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கைபேசியில் இட ஆள்கூறும் (GPS) எடுத்து, கூட்ட அறிக்கையோடு இணைப்பாகக் கொடுங்கள். வாய்ச்சொல் காற்றில் போகும், இணைப்பு கோப்பில் நிற்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் சண்டை வரும். இந்த நாட்டில் பூர்வகுடி என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் ஆதிவாசிகள். தம்பானைப் பக்கம் இருப்பவர்களும், வாகரை, வெருகல், மூதூரில் தமிழ் பேசும் வேடுவரும். 1983இல் மதுறு ஓயா தேசியப் பூங்காவை அறிவித்தபோது தம்பானைப் பக்கத்தவரின் வேட்டைக்காடு சட்டப்படி அவர்களுக்கு அடைபட்டது. பூர்வகுடி என்ற அந்தத் தகுதியை யாழ்ப்பாணத்தார் பிடிக்கக் கூடாது. நீங்கள் 'உள்ளூர்ச் சமூகம்' என்ற தகுதியில் பேசுங்கள், ஆதிவாசிகளை அழைத்தார்களா என்றும் கேளுங்கள். கனடாவில் இருக்கும் உறவுகள் 'இங்கே சட்டமே இருக்கு' என்பார்கள். உண்மைதான். 2021இல் வந்த கனடாவின் சட்டத்தில், இலக்கு வைக்கும்போது பூர்வகுடிகளுக்குக் கருத்துக் கொடுக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் எந்த முறையில் என்பதை அமைச்சரே தீர்மானிக்கலாம். அங்கும் வாய்ப்பு வேறு, சம்மதம் வேறு.

கூட்டத்தில் பெரிய பிழை வரவுத்தாளில்தான் நடக்கும். பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து என்று மூன்று கட்டம் இருக்கும். தலைப்பு வெறுமையாக இருக்கும். பிறகு அதன் மேல் 'இணங்கியோர்' என்று எழுதினால் யார் கேட்பது? கையெழுத்துக்குப் பக்கத்தில் 'வரவு மட்டும்' என்று எழுதுங்கள். எல்லாரும் எழுத வேண்டும், ஒருவர் எழுதினால் போதாது. எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து சங்க வாட்ஸ்அப் குழுவில் அன்றே போடுங்கள். நேரத்தையும் நீங்களே சொல்லுங்கள்: கடலுக்குப் போனவர் கரைக்கு வரும் காலை வேளை வேண்டாம், நெடுந்தீவு ஆட்களைக் கூப்பிட்டால் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து திரும்பும் கடைசிப் படகுக்கு முன்னர் முடிய வேண்டும். பெண்களுக்குத் தனியாக ஒரு மணி நேரம் கேளுங்கள். தண்ணீர் சுமப்பது அவர்கள். காணியில்லாத குடும்பங்களையும் விட்டுவிடக் கூடாது. சங்கத் தலைவர்கள் பெரும்பாலும் காணிக்காரர்.

மொழி விசயம் எனக்கு ஆறாத புண். தமிழ் அரசகரும மொழி என்று அரசியலமைப்பிலேயே இருக்க, யாழ்ப்பாணத்துச் சங்கத்துக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வருகிறது. காலநிலைக்கு மட்டுமில்லை, எல்லாத்துக்கும் இப்படித்தான். தமிழில் வந்தாலும் ஒரு சாதாரண ஆளால் வாசிக்க முடியாத தமிழ். வரைவைத் தமிழில் குறைந்தது மூன்று கிழமைக்கு முன்னர் தராவிட்டால் கூட்டத்தைப் பின்போடச் சொல்லி எழுத்தில் கொடுங்கள்.

கூட்டம் முடிந்து அறிக்கை வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சுற்றாடல் அமைச்சின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். மூன்று விடயம் போதும்: கூட்டக் குறிப்பு, வரவுத்தாளின் பிரதி, உங்கள் கருத்தை வரைவின் எந்தப் பக்கத்தில் சேர்த்தார்கள் அல்லது ஏன் விட்டார்கள் என்ற பதிவு. 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பதிவுத்தபால் பற்றுச்சீட்டைச் சங்கக் கோப்பில் ஒட்டி வையுங்கள். நாள் எண்ணுவது கடிதம் அலுவலருக்குக் கிடைத்த நாளிலிருந்து, எப்போது அனுப்பினீர்கள் என்பதற்குச் சான்று அந்தச் சீட்டுத்தான்.