மெராந்திக் கன்றும் உண்டியல் சாவியும்

கேள்வி: எங்கள் தோட்டக் கோயில் நிர்வாகத்துக்கு 14 வருடமாகத் தலைவராக இருக்கிறேன். விலகலாம் என்றால் பொறுப்பேற்க ஓர் இளைஞனும் இல்லை. அண்மையில் ஓய்வுபெற்ற வன அதிகாரி ஒருவர் எங்கள் ஊர் மண்டபத்தில் தலைமைத்துவம் பற்றிப் பேசினார். காட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். மரத்திடம் தலைவன் கற்க என்ன இருக்கிறது?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மரம் பாட்டுக்கு வளரும், ஐயா. கேட்க வேண்டியது அதை வெட்டுகிறவரிடம்.

1948-ல் மலாயா வனத்துறை ஒரு முறையைக் கொண்டுவந்தது. பெரிய மரங்களை ஒரே தடவையில் வெட்டிவிடலாம். ஆனால் அதற்கு முன் ஆட்கள் காட்டுக்குள் நேர்கோடு பிடித்து நடந்து, காலடியில் நிற்கும் மரக்கன்றுகளை எண்ண வேண்டும். போதுமான கன்று இருந்தால்தான் மரத்தில் கோடரி.

காரணம் இருக்கிறது. நம் காட்டின் பெரிய பலகை மரமான மெராந்தி வருடா வருடம் பூக்காது. சில வருடங்களுக்கு ஒருமுறை காடே சேர்ந்து பூக்கும். விதையைச் சாக்கில் கட்டி வைக்கவும் முடியாது. விழுந்த கொஞ்ச நாளில் முளைக்க வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும். முளைத்ததிலும் பாதிக்கு மேல் போய்விடும். மிஞ்சிய கன்று பெரிய மரத்தின் நிழலில் முழங்கால் உயரத்திலேயே வருடக்கணக்கில் நிற்கும். மேலே கொஞ்சம் வானம் தெரிந்தால் போதும், விறுவிறுவென்று ஏறும்.

அடுத்த வெட்டு 70 வருடம் கழித்து. கன்று எண்ணியவர் அதைப் பார்க்கப் போவதில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணி, மத்தியானம் ரப்பர் பாலை எடை போட்டுக் கணக்கை முடிக்கும் நம் தோட்டத்துப் புத்திக்கு இது பிடிபடுவது சிரமம். (அந்த முறை நீடிக்கவில்லை. சமவெளிக் காட்டை ரப்பரும் செம்பனையும் தின்றுவிட்டன, மலைக்காட்டுக்கு அது ஒத்துவரவில்லை. 1978-ல் வேறு முறை வந்தது.)

சரி, உங்கள் கோயிலுக்கு வருவோம். இளைஞர் இல்லை என்கிறீர்கள். திருவிழாவில் நாற்காலி அடுக்குவது யார்? காவடிக்கு முன்னால் ஓடி, கொதிக்கிற ரோட்டில் தண்ணீர் ஊற்றுவது யார்? அப்புறம், ரசீதுப் புத்தகம் யாரிடம் இருக்கிறது? உண்டியல் சாவி யார் இடுப்பில்? கன்றுகள் 14 வருடமாக அங்கேதான் நிற்கின்றன. வளரவில்லை என்று குறை சொல்வது, மேலே குடை பிடித்து நிற்கும் மரம்.

பயப்படாதீர்கள், உங்களை வெட்டச் சொல்லவில்லை. கோலாலம்பூர் பக்கத்தில் கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சிக் கழகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் 1920-களிலிருந்து நட்டு உண்டாக்கிய காடு அது. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அங்கே காப்பூர் மரங்களுக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். எல்லாம் நெடுமரங்கள்தான், ஆனால் ஒன்றின் கொப்பு மற்றதைத் தொடாது. நடுவில் ஆறு ஓடுகிற மாதிரி வெளிச்சம். கழுத்து வலிக்கும்வரை நின்றிருக்கிறேன். பச்சைக் கற்பூரம் அந்தக் காலத்தில் இந்த மரத்திலிருந்துதான் வந்தது, ஆகவே உங்களுக்கு அந்நிய மரமும் இல்லை.

ஆண்டுக் கூட்டம்வரை காத்திருக்க வேண்டாம். வரும் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் ரசீதுப் புத்தகத்தை அந்த நாற்காலி அடுக்கும் பையனிடம் கொடுங்கள். முதல் மாதம் கணக்கில் பத்து வெள்ளி உதைக்கும். உதைக்கட்டும்.