தூரத்துப் பெரிய வீடா, பக்கத்துச் சின்ன வீடா: பிள்ளைகளை எங்கே வளர்ப்பது?

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு எட்டு மாதம். இப்போது இருப்பது அலுவலகத்திலிருந்து இருபது நிமிடத்தில், இரண்டு அறை உள்ள வாடகை வீடு. அம்மா வீடு நடந்து போகிற தூரம். இதே மாதச் செலவில் நகரத்தின் எல்லையில் மூன்று படுக்கையறையும் தோட்டமும் உள்ள சொந்த வீடு வாங்கலாம், ஆனால் அங்கிருந்து அலுவலகம் வர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பிள்ளைகளுக்கு எது நல்லது?"

நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் இப்போதைக்கு அந்த வீட்டுக்குப் போக வேண்டாம் என்பதுதான் என் பதில். இப்போதைய வீடு எந்த மாதிரித் தெருவில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பொறுத்து என் பதில் கொஞ்சம் மாறும், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நேரம். இப்போது போக வர நாற்பது நிமிடம், புது வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரம். அதாவது ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கூடுதலாகப் போகிறது, அதுவும் உங்கள் இருவருக்கும். அந்த இரண்டு மணி நேரம் எங்கிருந்து வரும் என்று யோசித்துப் பாருங்கள். வேலை நேரம் குறையாது, தூக்கத்தையும் ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. மிச்சம் இருப்பது காலையில் பிள்ளைகள் எழுந்து கிளம்பும் நேரமும் மாலையில் அவர்கள் தூங்குவதற்கு முன்னால் இருக்கும் நேரமும்தான். எட்டு மாதக் குழந்தை இரவு ஏழரை எட்டுக்குத் தூங்கிவிடும், நீங்கள் ஏழரைக்கு வீட்டுக்குள் நுழைந்தால் வார நாட்களில் அவனை விழித்த நிலையில் பார்ப்பதே அரிதாகிவிடும். பெரிய வீட்டுக்காகத் தூரத்தைச் சகித்துக்கொள்ளலாம், பழகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அலாய்ஸ் ஸ்டட்சர், புரூனோ ஃப்ரை என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஜெர்மனியின் தரவுகளை வைத்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி வரவில்லை: பயண நேரம் கூடக் கூட வாழ்க்கை திருப்தி குறைந்தது, கிடைத்த வீடோ சம்பளமோ அதை ஈடுகட்டவில்லை. வீட்டின் கூடுதல் அறை சில மாதங்களில் கண்ணுக்குப் பழகிவிடுகிறது, நெரிசல் தினமும் புதிதாக எரிச்சல் தருகிறது.

இன்னொன்று, யாரும் கணக்கில் எடுக்காதது. பகல் பதினோரு மணிக்கு குழந்தைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து ஃபோன் வந்தால் யார் போவது? இரண்டு பேருமே ஒன்றேகால் மணி நேரம் தள்ளி இருந்தால் யாரோ ஒருவர் அரை நாள் விடுப்பு போட வேண்டும், பெரும்பாலான குடும்பங்களில் அது அம்மாதான். சிறு பிள்ளைகளுக்கு அடிக்கடி உடம்புக்கு வரும், ஆக இது மாதாமாதம் நடக்கும் சங்கதி.

இங்கேதான் உங்கள் அம்மா வீடு வருகிறது. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரே ஒரு வரியாகச் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு அதுதான் முக்கியமான வரி. அமெரிக்கக் குடும்பங்களை வைத்து ஜானிஸ் காம்ப்டனும் ராபர்ட் பொல்லாக்கும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தன் அம்மாவுக்கோ மாமியாருக்கோ பக்கத்தில் வசிக்கும், சிறு குழந்தைகள் உள்ள மணமான பெண்கள் வேலையில் தொடர்வது அதிகம் என்று காட்டியது. அதற்குக் காரணம், பாட்டி தினமும் முழு நேரமும் பார்த்துக்கொள்வது என்பதைவிட, அவசரத்துக்கு ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்பதுதான் என்று அவர்கள் விளக்கினார்கள். நீங்கள் வேலையைத் தொடர விரும்பினால் அந்த நடைத் தூரத்தை எளிதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அம்மாவுக்கு வயதாகும்போது நீங்கள் ஓடிப்போகவும் அதே தூரம்தான் உதவும்.

சரி, இப்போது தெருவுக்கு வருவோம். "எந்த ஏரியா நல்லது" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், பிள்ளைகளைப் பொறுத்தவரை ஏரியாவைவிட வாசலுக்கு வெளியே இருக்கும் அந்த ஒரு தெருதான் பெரிது. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்பாளர் 1960-களின் இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் அக்கம்பக்கமாக இருந்த மூன்று தெருக்களை ஒப்பிட்டார். ஒன்றில் ஒரு நாளைக்கு சுமார் 2,000 வண்டிகள், இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைவான தெருவில் இருந்தவர்களுக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள், வண்டி அதிகமான தெருவில் இருந்தவர்களுக்கு ஒருவர்கூட முழுசாக இல்லை. நெரிசலான தெருவில் இருந்தவர்கள் தங்கள் சொந்த வீட்டுக்குள் ஒடுங்கிவிட்டார்கள், மற்றவர்கள் நடைபாதையையும் வாசற்படியையும் வீட்டின் பகுதியாகவே நினைத்தார்கள். உங்கள் மகளுக்கு இன்னும் மூன்று நான்கு வருடத்தில் இதன் அர்த்தம் என்ன தெரியுமா? எதிர் வீட்டுத் தோழியைப் பார்க்க அவளே போய்வர முடியுமா, அல்லது ஒவ்வொரு தடவையும் நீங்கள் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா என்பதுதான். இங்கிலாந்தில் 1971-இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணை இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள், 1990-இல் அது 9 சதவீதம். மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரின் குழு கண்டறிந்த கணக்கு இது, பெற்றோர் சொன்ன முக்கியக் காரணம் போக்குவரத்து பயம். ஒரே தலைமுறைக்குள் பிள்ளைகளின் சுதந்திரம் இவ்வளவு சுருங்கிவிட்டது, அந்த நேரச்சுமை அப்படியே பெற்றோர் தலையில் விழுந்தது.

ஒரு தெருவைப் பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, பள்ளி விட்ட பிறகு மாலை ஐந்து மணிக்குப் போய் அங்கே சும்மா நிற்பது. எட்டு வயதுப் பிள்ளைகள் பெரியவர்கள் இல்லாமல் வெளியே இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் தெருவின் பெற்றோர்கள் ஏற்கெனவே உங்களுக்காகச் சோதித்துவிட்டார்கள். நகர எல்லையில் புதிதாக எழும் பல குடியிருப்புகளில் தோட்டம் இருக்கும், வெளியே நடைபாதை இருக்காது, கடைக்கும் வகுப்புக்கும் வண்டியில்தான் போக வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த இடம் மிகவும் தனிமையாக இருக்கும், இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சத்தமும் காற்றும். நான் பதில் மாறும் என்று சொன்னது இதற்காகத்தான். உங்கள் இப்போதைய வீடு ஒரு பெரிய சாலையை ஒட்டியோ ரயில் பாதையை ஒட்டியோ இருந்தால் அங்கே இருக்கச் சொல்ல மாட்டேன். 1975-இல் ஆர்லின் பிரான்ஸாஃப்ட் என்ற உளவியலாளர் நியூயார்க்கில் ஒரு பள்ளியை ஆராய்ந்தார், ஒரு பக்க வகுப்பறைகளை ஒட்டி உயர்மட்ட ரயில் பாதை. அந்தப் பக்கத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பில் அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். தண்டவாளத்துக்கு ரப்பர் பட்டை போட்டு, வகுப்பறைக் கூரையில் சத்தம் உறிஞ்சும் பலகை வைத்த பிறகு அந்த இடைவெளி மறைந்துவிட்டது. மியூனிக்கில் 1992-இல் பழைய விமான நிலையத்தை மூடிப் புதியதைத் திறந்தபோதும் இதேதான்: பழைய நிலையத்தின் பக்கத்தில் இருந்த பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் மேம்பட்டன, புதியதன் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் குறைந்தன. சத்தம் நின்றால் பிள்ளைகள் மீண்டுவிடுகிறார்கள் என்பது இதில் ஆறுதல். காற்று அப்படி இல்லை. தெற்குக் கலிஃபோர்னியாவில் 3,600-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை எட்டு வருடம் தொடர்ந்த ஆய்வு, நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் வளர்ந்தவர்களின் நுரையீரல் வளர்ச்சி, ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் வளர்ந்தவர்களைவிடக் குறைவாக இருந்ததாக 2007-இல் காட்டியது. பதினெட்டு வயதுக்குள் போனது பிறகு முழுதாக ஈடாவது கடினம். வீடு மாற்ற முடியாத நிலை என்றால் குறைந்தது பிள்ளைகள் தூங்கும் அறையைச் சாலைக்கு எதிர்ப்பக்கம் மாற்றுங்கள், நெரிசல் நேரத்தில் சாலைப் பக்கத்து ஜன்னலை மூடி வையுங்கள். அப்புறம், கட்டடம் பழையதாக இருந்து சுவரிலோ ஜன்னல் சட்டத்திலோ பெயின்ட் உதிர்ந்தால் அதில் ஈயம் இருக்கிறதா என்று உடனே பரிசோதித்துவிடுங்கள். தவழும் குழந்தை கைக்குக் கிடைத்ததை வாயில் வைக்கும், ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

தோட்டம் பற்றி நீங்கள் ஆசையாக எழுதியிருந்தீர்கள். பிள்ளைகள் பகல் வெளிச்சத்தில் வெளியே இருக்க வேண்டும் என்பது உண்மை, சீனாவின் குவாங்ஜோ நகரத்தில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பள்ளி நாளும் 40 நிமிடம் கூடுதலாக வெளி வகுப்பு வைத்தபோது மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், வைக்காத பள்ளிகளில் 39.5 சதவீதம். ஆனால் அதற்குச் சொந்தத் தோட்டம் தேவையில்லை, நடந்து போகக்கூடிய ஒரு திறந்த வெளி போதும். வெளிச்சம் இருக்கும்போது நீங்கள் வீட்டில் இல்லாவிட்டால் தோட்டமும் உதவாது. இட நெருக்கடி பொய்யில்லை, நான்கு பேருக்கு இரண்டு அறை என்பது மகளுக்குப் பத்து வயது ஆகும்போது நிச்சயம் போதாது. அவளுக்குக் கதவை மூடிக்கொண்டு படிக்க ஒரு இடம் வேண்டியிருக்கும். அது ஆறு வருடம் கழித்து வரப்போகும் தேவை, அதற்காக இந்த வருடத்தின் நேரத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

எப்போது மாறுவது என்ற கேள்வியும் உண்டு. அமெரிக்க அரசு 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில் சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, குலுக்கல் முறையில் சிலருக்கு வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபோக வாடகை உதவி தந்தது. ராஜ் செட்டி என்ற பொருளாதார ஆய்வாளரின் குழு பின்னாளில் அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பார்த்தபோது, பதின்மூன்று வயதுக்குள் இடம் மாறியவர்கள் இருபதுகளின் நடுவில், உதவி கிடைக்காத குடும்பங்களின் பிள்ளைகளைவிடச் சுமார் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள், அதைவிடப் பெரிய வயதில் மாறியவர்களுக்குப் பலன் இல்லை, சிறிது பாதகம்கூட இருக்கலாம். மிகவும் நலிந்த பகுதிகளிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் அவை, உங்கள் நிலைமைக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு அவசரம் இல்லை, மகளுக்கே இன்னும் பல வருடம் இருக்கிறது. மாறுவதானால் பதின்பருவத்துக்கு முன்னால், ஒரே ஒரு தடவை மாறுங்கள். நண்பர்களைப் பிரிந்து புதுப் பள்ளியில் முதலிலிருந்து தொடங்குவது பதினான்கு வயதில் மிகக் கடினம்.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் மூன்றாவது வழி ஒன்றைத் தேடுவேன்: அம்மா வீட்டிலிருந்து அதே நடைத் தூரத்தில், பெரிய சாலையிலிருந்து நான்கைந்து தெரு உள்ளே, ஒரு அறை கூடுதலாக உள்ள வாடகை வீடு. சொந்த வீடு இல்லை என்ற உறுத்தலை ஒதுக்கி வையுங்கள், வாடகை வீடா என்று பிள்ளைகள் பார்ப்பதில்லை. உங்களில் ஒருவர் வாரத்தில் மூன்று நாளாவது வீட்டிலிருந்து வேலை செய்ய முடியும் என்றாலோ, அம்மாவும் உங்களோடு வரச் சம்மதித்தாலோ எல்லை வீட்டைப் பற்றிப் பேசலாம். அப்போதும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் முழுக்க, திங்கள் முதல் வெள்ளி வரை, அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலக நேரத்தில் கிளம்பி வந்து பாருங்கள், இருவரும் தனித்தனியாக. வீட்டு விற்பனையாளர் சொல்லும் ஒன்றேகால் மணி நேரம் ஞாயிற்றுக்கிழமைக் கணக்காக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.