மண்ணை அது கிடக்கும் இடத்திலேயே சோதிப்பது: கேள்வி பதில்

கேள்வி: மண்ணை எடுத்துப் போய் லேபில் சோதித்தால் போதாதா சார்?

களிமண் என்றால் கவனமாக இருந்தால் அதிகம் கெடாமல் எடுத்துவிடலாம். நீருக்குள் கிடக்கும் தளர்ந்த மணலுக்கு அந்த வழி இல்லை. குழாய்க்குள் ஏறும்போதே மணிகள் இடம் மாறிவிடும், லேபுக்கு வந்து சேரும்போது அதன் அடர்த்தி வேறாகியிருக்கும். அதற்காக லேபை விட்டுவிட வேண்டாம். மணி அளவு, அட்டர்பெர்க் வரம்பு (களிமண் எவ்வளவு ஈரத்தில் குழைகிறது, எவ்வளவில் கூழாகிறது என்பது), கன்சாலிடேஷன் (சுமையில் நீர் வெளியேறி மண் அமுங்குவது) எல்லாம் அங்கேதான் பார்க்க முடியும்.

கேள்வி: எங்கள் ரிப்போர்ட்டில் 6 மீட்டரில் எஸ்பிடி சோதனையின் என் (N) மதிப்பு 9, 7.5 மீட்டரில் 48, 9 மீட்டரில் 11. நடுவிலுள்ள கெட்டி அடுக்கில் பைலை (அஸ்திவாரத் தூணை) நிறுத்தலாமா?

வேண்டாம், பொறுங்கள். முதலில் டிரில்லர் எழுதிய ஃபீல்டு ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். எஸ்பிடியில் (ஸ்டாண்டர்டு பெனட்ரேஷன் டெஸ்ட்) 63.5 கிலோ சுத்தியலை 76 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, துளையின் அடியில் ஸ்பூன் என்ற மண் எடுக்கும் குழாயை 45 செ.மீ. இறக்குகிறோம். ஒவ்வொரு 15 செ.மீ.க்கும் எத்தனை அடி விழுந்தது என்று தனித்தனியே குறிக்க வேண்டும். முதல் 15 கணக்கில் சேராது. அடுத்த இரண்டையும் கூட்டினால் வருவதுதான் என் (N). உங்கள் 48 எப்படி வந்தது? ஷீட்டில் 7, 10, 38 என்று இருந்தால் கடைசியில் ஒரு கல் குறுக்கே வந்திருக்கலாம். ஸ்பூனின் உள்விட்டம் சுமார் 35 மி.மீ. தான், ஒரு கோழிமுட்டை அளவு கூழாங்கல் போதும், வாய் அடைத்துவிடும். அப்போது உள்ளே ஏறிய மண்ணும் குறைவாகவே இருக்கும், அதையும் பாருங்கள். 21, 24, 24 என்று சீராக வந்திருந்தால் அடுக்கு உண்மையாகவே இருக்கலாம். அப்போதும் அதன் தடிமன் 3 மீட்டரைத் தாண்டாது, கீழே மறுபடி தளர்ந்த மண். பைலின் அடிமுனை அதைத் துளைத்துக்கொண்டு இறங்கக் கூடும். பக்கத்தில் இன்னொரு துளை போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஒரே தளம், இரண்டு ரிக் (துளையிடும் இயந்திரம்). ஒன்றில் என் 20, இன்னொன்றில் 12. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். சுத்தியலின் முழு ஆற்றலும் ஸ்பூனைத் தாங்கும் ராடுக்குள் (கம்பிக்குள்) போவதில்லை. கயிற்றைச் சுற்றி இழுத்துவிடும் ரிக்கில் 45 சதவீதம், தானியங்கிச் சுத்தியலில் 75 சதவீதம் போகிறது என்று வையுங்கள். ஒப்பிடுவதற்கு வழக்கமாக எடுக்கும் 60 சதவீதத்துக்கு மாற்றினால் 20 × 45/60 = 15, 12 × 75/60 = 15. சுத்தியலின் வகையை எழுதாத ரிப்போர்ட்டை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கேள்வி: நீர்மட்டத்துக்குக் கீழே மணலில் என் 3, 4 என்றே வருகிறது. மண் அவ்வளவு மோசமா?

துளைக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தது? வெளியே உள்ள நிலத்தடி நீரைவிட உள்ளே தாழ்ந்திருந்தால், நீர் அடியிலிருந்து மேலே பாய்ந்து மணலைக் கிளறிவிடும். ஒரு தளத்தில் எனக்கு இதே சந்தேகம் வந்தது. துளை சுத்தம் செய்து முடித்ததும் அளவு நாடாவில் எடை கட்டி இறக்கிப் பார்த்தேன். கேசிங்குக்குள் (துளை சரியாமல் தாங்கும் குழாய்க்குள்) 40 செ.மீ. மணல் ஏறி நின்றது. அதன்மேல்தான் ஸ்பூனை வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள்! துளையை எப்போதும் நீராலோ பென்டோனைட் (ஒரு வகைக் களிமண்) கலவையாலோ நிரப்பி வையுங்கள், கருவியை மெதுவாக வெளியே எடுங்கள். அப்புறம் வரும் எண்ணை நம்பலாம்.

கேள்வி: மென்களிமண்ணில் என் 1. இதை வைத்து வலிமை சொல்லலாமா?

கூடாது. ஓர் அடி கூடினாலே மதிப்பு இரட்டிப்பாகும் இடம் அது. வேன் ஷியர் செய்யுங்கள், அதாவது இதழ்கள் கொண்ட கம்பியை மண்ணில் இறக்கிச் சுழற்றி வலிமையை அளக்கும் சோதனை. நான்கு இதழ், உயரம் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, நிமிடத்துக்குச் சுமார் 6 டிகிரி வேகத்தில் சுழற்ற வேண்டும். உச்ச முறுக்கைக் குறித்துக்கொண்டு, வேகமாகப் பல சுற்று சுற்றிவிட்டு மறுபடி அளந்தால், கலைந்த மண்ணின் வலிமையும் கிடைக்கும். பிளாஸ்டிசிட்டி (குழையும் தன்மை) அதிகமான களிமண்ணில் வேன் கூடுதலாகவே காட்டும். அதற்கு 1972இல் பியெரும் (Bjerrum) என்ற நார்வே மண் பொறியாளர் தந்த திருத்தத்தைப் போடுங்கள்.

கேள்வி: சிபிடியில் (கூம்பை மண்ணுக்குள் அழுத்தி இறக்கும் சோதனை) மண்ணே கையில் வராதே, என்ன பயன்?

10 சதுர செ.மீ. கூம்பு, வினாடிக்கு 2 செ.மீ. வேகத்தில் இறங்கும், சில செ.மீ.க்கு ஒரு முறை அளவு தரும். ஒன்றரை மீட்டருக்கு ஒரு எஸ்பிடி தவறவிடும் மெல்லிய களிமண் பட்டையை இது காட்டிக்கொடுக்கும். கூழாங்கல் அடுக்கில் மட்டும் இறங்காது. எது என்ன மண் என்று உறுதி செய்ய, பக்கத்தில் ஒரு துளையாவது போடுங்கள்.

கேள்வி: 30 செ.மீ. பிளேட் லோட் டெஸ்ட் (தகட்டை மண்ணில் வைத்துச் சுமை ஏற்றும் சோதனை) நன்றாக வந்தது. 2.5 மீட்டர் அகல ஃபுட்டிங் (அஸ்திவாரம்) போடலாமா?

சுமையின் தாக்கம் அகலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆழம் வரை போகும். உங்கள் பிளேட் 60 செ.மீ. மண்ணைத்தான் சோதித்தது, ஃபுட்டிங் 5 மீட்டரைக் கேட்கும். அந்த 5 மீட்டருக்கும் துளை போட்ட ரிப்போர்ட் இருந்தால் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.