பத்து சதவீதம் குறைச்சா எத்தனை கூடுதலா விக்கணும்? கடைக்காரர்களுக்குக் கேள்வி பதில்

கேள்வி (இனிப்பு, காரக் கடை): மிக்சர் பாக்கெட் 100 ரூபாய், அடக்க விலை 75. பத்து சதவீதம் தள்ளுபடி போடலாமா சார்?

பதில்: தள்ளுபடி போறது விலையிலேருந்து இல்ல, லாபத்திலேருந்து. இப்ப பாக்கெட்டுக்கு 25 நிக்குது. 10 குறைச்சா 15. நூறு பாக்கெட்ல வந்த 2,500 ரூபாய்க்கு இனி 167 பாக்கெட் விக்கணும். 20 குறைச்சா 500 பாக்கெட். அதுக்கு அடுப்பும் ஆளும் இருக்கா? தரணும்னு தோணினா எடையில தாங்க. பத்து சதவீதம் கூடுதல் மிக்சருக்கு அதிகபட்சம் 7.50தான் போகும், விலை 100லயே நிக்கும். பாக்கெட்ல எடையை மாத்தி அச்சடிச்சிடுங்க. இறக்கின விலையை மறுபடி ஏத்துறது பெரும்பாடு.

கேள்வி (செக்கு எண்ணெய்): ரீஃபைண்டு எண்ணெய் விலை குறைவு. தள்ளுபடி இல்லாம யார் வருவாங்க?

பதில்: விலையை இறக்கினா 'எதையோ கலந்துட்டாங்க'ன்னுதான் முதல்ல நினைப்பாங்க. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ பருப்பு போகுது. பருப்பு விலை, ஆட்டுக்கூலி, பாட்டில், புண்ணாக்கு வித்து வர்ற பணம்னு நாலு வரியை செக்குப் பக்கத்துல கரும்பலகையில எழுதுங்க. பருப்பு விலை மாறுறப்பல்லாம் அழிச்சு எழுதுங்க. பாட்டில்ல ஆட்டின தேதி இருக்கணும். எண்ணெய் தெளியறதுக்கு முன்னாடி அடைச்சா அடியில மண்டி நிக்கும், சட்டியில பொங்கும். அந்த ஆள் திரும்ப வரமாட்டார். புதுசா வர்றவங்களுக்கு 100 மில்லி பாட்டில் வைங்க. ஒரு தடவை வடகம் பொரிச்சா வாசனையே வித்துக் கொடுக்கும்.

கேள்வி (மளிகை): அடுத்த தடவைக்கு 50 ரூபாய் கூப்பன் கொடுக்கலாமா? சராசரி பில் 400.

பதில்: உங்களுக்கு 25 சதவீதம் நிக்குதுன்னு வச்சுப்போம். 400 பில்லுக்கு 100 ரூபாய். கூப்பனோட அதே 100 நிக்க பில் 600 ஆகணும். அதனால 700க்கு மேலன்னு போடுங்க, 125 நிக்கும். மறுநாள்லேருந்து செல்லும்னு போடுங்க, மூணு வாரத்துல முடியட்டும். எப்பவும் 700க்கு வாங்குறவங்களுக்கும் 50 போகும், அதையும் கணக்குல வைங்க.

கேள்வி: என் கடைக்கு எத்தனை சதவீதம் போடலாம்?

பதில்: மிக்சர் கணக்கைப் பாருங்க. அடக்கம் சொல்லாம பதில் சொல்ல முடியாது.

கேள்வி (ஜவுளி): ஆடியில தள்ளுபடி இல்லாம ஜவுளிக்கடை நடத்த முடியுமா?

பதில்: முடியாது. முகூர்த்தம் இல்லாத மாசம். தீபாவளிச் சரக்குக்குப் பணமும் ரேக்கும் வேணும். அதனால சைஸ் உடைஞ்சதுக்கு மட்டும் போடுங்க. 38, 40 போய் 36ம் 44ம் மட்டும் நிக்கிற சட்டை வச்சிருந்தா நஷ்டம்தான். முழு சைஸ் இருக்கிறதைத் தொடாதீங்க.

இன்னொருவர்: இதெல்லாம் பேச்சுக்கு. அமெரிக்காவுல ஜே.சி.பென்னிங்கிற பெரிய கடைத்தொடர் 2012ல கூப்பனை நிறுத்தி, விற்பனையில கால்பங்கு போச்சே?

பதில்: போச்சு, உண்மை. அதோட தலைமை அதிகாரி ரான் ஜான்சன் 2013 ஏப்ரல்ல பதவியை விட்டார். ஆனா கூப்பனுக்காகவே வரப் பல வருஷம் பழக்கின கடை அது. பழக்கினதை ஒரே நாள்ல நிறுத்தினாங்க. அதனாலதான் பழக்காதீங்கன்னு சொல்றேன்.

அவரே: ஏற்கெனவே பழக்கிட்டோம்னா?

பதில்: படிப்படியா வாங்க. வருஷத்துல ஆறு தடவைன்னா நாலு ஆக்குங்க, அப்புறம் இரண்டு. குறைக்கிற ஒவ்வொரு தடவையும் பதிலுக்கு ஒண்ணு வைங்க: இலவச ஆல்ட்டரேஷன், ஏழு நாள் சைஸ் மாத்தம்.

கேள்வி: விலையை ஏத்தி ஒட்டிட்டு 50 சதவீதம்னு போட்டா?

பதில்: செய்யாதீங்க. போன வார பில் வாடிக்கையாளர் பையிலேயே இருக்கும். பொய் விலை காட்டி விளம்பரம் பண்றது நுகர்வோர் சட்டத்துலயும் தப்பு.

கேள்வி: தள்ளுபடிக்கும் ஜி.எஸ்.டி. கட்டணுமா?

பதில்: விக்கும்போதே பில்லுல காட்டினா கழிச்ச தொகைக்குத்தான் வரி. வித்தப்புறம் கொடுக்கிறதுக்கு ஆடிட்டரைக் கேளுங்க.

கேள்வி: பேக்கரிக்கு எத்தனை சதவீதம்?

பதில்: மிக்சர் கணக்கு. மேலே.

கேள்வி (மளிகை): கூப்பன் போட்டதுலேருந்து கல்லாவுல பணம் இடிக்குது.

பதில்: வாடிக்கையாளர் முழுப்பணம் கொடுத்த பில்லுல, மிச்சமிருக்கிற கூப்பனைப் போட்டுக் கல்லாவுல உட்கார்ந்திருக்கிறவர் 50 எடுத்துக்க முடியும். கூப்பனுக்கு வரிசை எண் போடுங்க, அடிக்கட்டை உங்ககிட்ட இருக்கட்டும். எண்ணைப் பில்லுல ஏத்தணும், வாங்கினதும் கூப்பனைப் பாதியா கிழிக்கணும். ராத்திரி கிழிச்ச துண்டையும் பில்லையும் நீங்களே எண்ணுங்க.