கிடேரி வித்த காசு

கடிதம்:

அண்ணா, இங்கிலாந்து ஃபுட்பால் கிளப் எவர்ட்டனுக்கு நான் பத்து வருஷமா ஃபேன். 2024 கோடையில மான்செஸ்டர் யுனைடெட் ரெண்டு தடவ எங்க டிஃபென்டர் பிரான்த்வெய்ட்ட கேட்டாங்க, நாங்க குடுக்கல. 2025-ல புது காண்ட்ராக்ட் போட்டோம், சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள அவனுக்கு தொடையில ஹாம்ஸ்ட்ரிங் போய் ஆபரேஷன் வரைக்கும் ஆயிருச்சு. கார்லைல் கிளப்புல சுமார் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்குன அசெட். விலை இருக்கறப்பவே வித்துருக்கணுமோ? இனிமே நல்ல ஆஃபர் வந்தா விக்கலாமா? இந்த காலத்துல விசுவாசம்னு ஒன்னு இருக்கா?

பதில்:

தம்பி, மொதல்ல திட்டிடறேன். நீ அனுப்புன முழு லெட்டர்ல அந்தப் பையன 'அசெட்'னு நாலு தடவ எழுதிருக்க, இங்க ஒன்ன மட்டும் விட்டு வெச்சுருக்கேன். சொந்த ஊர் கிளப்ப விட்டு எவர்ட்டனுக்கு வந்தப்ப அவனுக்கு 17 வயசு. அப்புறம் பிளாக்பர்னுக்கு லோன்ல, அதாவது கொஞ்ச நாள் ஆட கடனா, அனுப்புனாங்க, ஹாலந்துல பிஎஸ்வி கிளப்புக்கு அனுப்புனாங்க, பாஷை தெரியாத ஊர்ல ஒரு வருஷம் ஆடி கப் ஜெயிச்சுட்டு வந்து நின்னான். அசெட்டாம். உங்க அம்மா உன்ன அப்படி எழுதுனா எப்படி இருக்கும்?

காயம் வரும்னு யாருக்குத் தெரியும், அத விடு. விசுவாசம், அதையும் விடு, அது பேனர்ல எழுதறதுக்கு.

ஆனா 'விலை இருக்கறப்பவே வித்துருக்கணுமோ'ன்னு கேட்ட பாரு, அதுல மாட்டிக்கிட்டேன். போன வாரந்தான் ஊர்ல அப்பாவோட வீட்ட ஒழிச்சுட்டு வந்தேன். மாட்டுக் கொட்டாய் மூலைல அந்த ஆயில் இன்ஜின் இன்னும் கெடக்கு.

நான் ஏழாவது படிக்கறப்ப எங்ககிட்ட ஒரு கிடேரி இருந்துச்சு, செவலை, நெத்தில வெள்ளை. பக்கத்து ஊருக்காரங்க கூட வந்து பாத்துட்டு போவாங்க. அப்பா அத சந்தைக்கு ஓட்டிட்டு போனப்ப நானும் போனேன். தரகர் துண்டப் போட்டு மூடி அதுக்கடியில அப்பாவோட விரல புடிச்சு பேரம் பேசறார், வெளிய நிக்கறவனுக்கு ஒன்னும் தெரியாது, அப்பா மூஞ்சிய மட்டும் பாத்துக்கிட்டு நின்னேன். நல்ல விலைதான். எங்க தெருவுலயே அந்த வருஷம் அதான் பெரிய விலை. திரும்பி வர்ற வழில டீக்கடை பாக்கி, சித்தப்பாவுக்கு கைமாத்து, அப்புறம் யாரோ சொன்னான்னு ஒரு செகண்ட் ஹேண்ட் ஆயில் இன்ஜின். மெக்கானிக் மூணு தடவ வந்தாரு, அது ஆறு தடவ கூட ஒழுங்கா தண்ணி எறைக்கல. கடைசில கோழி அதுமேல ஏறி முட்ட வெச்சுது. ஆத்தா ஒரு நாள் கூட ஏன்டா மாட்ட வித்தன்னு கேக்கல, அந்த இன்ஜின தாண்டிப் போறப்பெல்லாம் நின்னு பாத்துட்டு போகும், அவ்வளவுதான்.

இப்ப உன் கிளப்புக்கு வா. ஜான் ஸ்டோன்ஸ் ஞாபகம் இருக்கா? பார்ன்ஸ்லில இருந்து 2013-ல சுமார் 3 மில்லியன் பவுண்டுக்கு வந்த டிஃபென்டர் பையன். 2015-ல செல்சி திரும்பத் திரும்ப கேட்டுச்சு, அவனே போறேன்னு எழுதிக் குடுத்தான், எவர்ட்டன் விடல. அடுத்த வருஷம் மான்செஸ்டர் சிட்டிக்கு 47.5 மில்லியன். அடடா, என்ன பிடிவாதம், என்ன பேரம்னு எல்லாரும் பாராட்டுனாங்க, நானும் பாராட்டுனேன். அந்த கோடையில என்ன வாங்குனாங்க? 32-ஐ தொடப்போற ஆஷ்லி வில்லியம்ஸ், அப்புறம் 25 மில்லியன் குடுத்து பொலாசி. பொலாசி டிசம்பர்லயே முட்டி போய் ஒரு வருஷம் வெளிய உக்காந்தான், பாவம், அவன் தப்பில்ல. அடுத்த வருஷம் லுகாகு போனதுல 75 மில்லியன் வந்துச்சு. அந்த கோடையில வந்தவங்க ரூனி, கிளாசன், சிகுர்ட்சன். மூணு பேரும் மைதானத்துல ஏறக்குறைய ஒரே எடத்துல நிக்கறவங்க! கிளாசன் லீக்ல ஆடுனது 7 மேட்ச். இது ஆயில் இன்ஜின் இல்லாம வேற என்னய்யா?

பத்து லட்சத்துக்கு வாங்குனத 70 மில்லியனுக்கு வித்தா லாபம்தானேன்னு கேப்ப. கணக்குல லாபம்தான், அங்கதான் வெனையே இருக்கு. ஒரு ஆள 50 மில்லியனுக்கு வாங்கி அஞ்சு வருஷ காண்ட்ராக்ட் போட்டா வருஷத்துக்கு 10 தான் செலவுன்னு எழுதுவாங்க, ஆனா சல்லிசா வாங்குன பையனயோ சொந்த அகாடமி பையனயோ வித்தா வந்த காசு ஏறக்குறைய மொத்தமும் அந்த வருஷத்து லாபம். மூணு வருஷத்துல 105 மில்லியனுக்கு மேல நஷ்டம் காட்டக்கூடாதுன்னு பிரீமியர் லீக் ரூல் வெச்சதால நெறைய கிளப் சொந்தப் பசங்களத்தான் மொதல்ல சந்தைக்கு ஓட்டுச்சு. எவர்ட்டனும் 2023 ஜனவரில கோர்டன நியூகாசிலுக்கு குடுத்துச்சு, 40 மில்லியன், சின்ன வயசுலயே அகாடமிக்கு வந்த பையன். அப்படியும் தப்பிக்கல, 2023-24 சீசன்ல மொதல்ல 10 புள்ளி வெட்டு, அப்பீல்ல அது 6 ஆச்சு, அப்புறம் இன்னொரு 2.

அடுத்து சொல்றது உனக்கு வயிறு எரியும், இருந்தாலும் சொல்றேன். 2018 ஜனவரில சவுத்தாம்டன் கிளப் வான் டைக்க 75 மில்லியனுக்கு வித்துட்டு அதே மாசம் கரில்லோன்னு ஒரு ஸ்ட்ரைக்கர 19 மில்லியனுக்கு வாங்குச்சு, அவன் அங்க ஒரு கோல் கூட போடல. அந்த வான் டைக்க வாங்குனது யாரு? லிவர்பூல், அப்ப ஸ்டான்லி பார்க்குக்கு அந்தாண்ட இருந்த உன் பக்கத்து வீட்டுக்காரன். அவனும் அதே ஜனவரில கூட்டின்யோவ பார்சிலோனாவுக்கு வித்தான். காசு போன எடத்தப் பாரு: டிஃபென்ஸுக்கு வான் டைக், ஆறு மாசத்துல கோல்கீப்பர் அலிசன். 2019-ல சாம்பியன்ஸ் லீக், 2020-ல லீக். கூட்டின்யோவ வித்தது தப்புன்னு லிவர்பூல் மைதானம் ஆன்ஃபீல்டுல இன்னிக்கு எவனாவது சொல்லுவானா? கோச்சுக்காத தம்பி, பத்து வருஷமா எவர்ட்டன் பின்னாடி போறவன் மனசு எனக்குத் தெரியும், ஒரு கோப்பை கூட பாக்காம ஒரு கிளப்ப புடிச்சுக்கிட்டு தொங்கறது சாதாரண விஷயமில்ல.

ஆமா, உன் கேள்வி. கிளப்போட பழைய மொதலாளிங்க கைல சாவி இருந்திருந்தா எத்தன கோடி குடுத்தாலும் விக்காதன்னு கண்ண மூடிக்கிட்டு சொல்லிருப்பேன். 2024 டிசம்பர்ல ஃப்ரீட்கின் குரூப் கிளப்ப வாங்கிருச்சு, அடுத்த மாசமே பழைய மேனேஜர் மோயஸ் திரும்ப வந்துட்டாரு, இவங்க காச எப்படி செலவு பண்றாங்கன்னு நான் இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அடுத்த தடவ எழுதறப்ப எவ்வளவுக்கு கேக்கறாங்கன்னு எழுதாத, அந்தக் காசுல யார வாங்கப் போறாங்கன்னு எழுது. பேரு கரில்லோ மாதிரி ஏதாவது இருந்துச்சுன்னா எழுதவே வேணாம், நேரா போன் பண்ணு.