காட்டோர மரம் காய்ந்தால் யூரியா வைக்கலாமா?

கேள்வி: எங்கள் வயலை ஒட்டி இயற்கைக் காடு இருக்கிறது. மூன்று நான்கு வருடமாக ஓரத்து மரங்கள் நுனியிலிருந்து காய்கின்றன, அடியில் புல் மட்டும் இடுப்பளவு கரும்பச்சையாக நிற்கிறது. மாடுகள் வெயிலுக்கு அங்கேதான் படுக்கும். சத்துக் குறைவு என்று நினைக்கிறேன், மரத்தடியில் யூரியா வைக்கலாமா?

பதில்: வேண்டாம், வைத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அங்கே தழைச்சத்து (நைட்ரஜன்) குறையவில்லை, மிஞ்சிக் கிடக்கிறது. அந்தக் கரும்பச்சைப் புல்லே அதற்குச் சாட்சி.

காட்டு மரம் நம் பயிர் மாதிரி இல்லை. உதிர்ந்த சருகு மெல்ல மக்கி, அதில் வரும் கொஞ்சம் சத்தை வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை எடுத்துக் கொடுக்க, அதை வைத்தே காலம் தள்ளிப் பழகியது. தழைச்சத்து தாராளமாக வந்தால் மரம் அந்தப் பூஞ்சைக்குத் தீனி போடுவதைக் குறைத்துவிடும், இலையும் கிளையும் பெருக்கும், வேர் சுருங்கும். அப்புறம் ஒரு வறட்சி வந்தால் போதும். இலையில் சத்து ஏறியதும் புழுவுக்கும் அசுவினிக்கும் கொண்டாட்டம், கொழுந்தை விடாமல் கடிக்கும்.

மண்ணுக்குள் நடப்பது இன்னும் மோசம். மிஞ்சிய தழைச்சத்து நைட்ரேட்டாக மாறும்போது மண் புளிக்கிறது, அதாவது அமிலத்தன்மை ஏறுகிறது. அந்த நைட்ரேட் மழைநீரோடு இறங்கும்போது சுண்ணாம்புச்சத்தையும் மெக்னீசியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்குகிறது. உரம் ஏராளம், மரம் பட்டினி. அமெரிக்காவில் ஹார்வர்டு காட்டில் 1988-இல் தொடங்கி, வருடா வருடம் எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்து போட்டுப் பார்த்தார்கள். பதினைந்து வருடத்துக்குள் அங்கிருந்த பைன் மரங்களில் நிறையச் செத்துவிட்டன. அது பெரிய அளவுதான், ஆனால் ஐரோப்பியக் காடுகளுக்கு வருடத்துக்கு எக்டருக்கு 20 கிலோவுக்கும் குறைவே தாங்கும் எல்லை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 50 கிலோ யூரியாவில் 23 கிலோ தழைச்சத்து இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இடத்துக்கு இந்தத் தழைச்சத்து இரண்டு வழியாக வருகிறது. ஒன்று மாடு, மூத்திரம் தினமும் ஒரே இடத்தில் விழுகிறது. இன்னொன்று காற்று, வயலில் யூரியாவை மேலாகத் தூவி அப்படியே விட்டால் அமோனியாவாகக் கிளம்பி, அதில் கணிசமான பங்கு பக்கத்திலேயே படியும், பக்கம் என்றால் உங்களுக்குக் காடுதான்.

ஒன்று செய்து பாருங்கள். காய்கிற மரத்தடியில் சருகை விலக்கி ஒரு சாண் தோண்டுங்கள், காட்டின் உள்ளே நன்றாக இருக்கும் அதே வகை மரத்தடியிலும் தோண்டுங்கள். உள்ளே சருகுக்கடியில் பூஞ்சையின் வெள்ளை நூல் படர்ந்திருக்கலாம், சல்லிவேர் அடர்த்தியாக இருக்கும். ஓரத்தில் வேர் கறுத்து, தொட்டால் உதிர்ந்தால் சந்தேகம் பாதி தீர்ந்தது. நீர் தேங்குகிறதா, வேரழுகல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், எல்லாப் பழியையும் தழைச்சத்தின் மேல் போட முடியாது.

முதல் வேலை, மாட்டுக்கு வேறு நிழல். எருக்குவியலையும் தள்ளி வையுங்கள். வயலுக்கு யூரியாவைப் பிரித்துப் போட்டு, உடனே மண்ணில் கலந்துவிடுங்கள் அல்லது நீர் பாய்ச்சுங்கள், காட்டை ஒட்டிய பத்துப் பதினைந்து அடியில் உரமே வேண்டாம். புல்லை அறுத்து வெளியே கொண்டுபோங்கள், அங்கேயே போட்டால் சத்து திரும்ப மண்ணுக்குத்தான் போகும். ஓரத்தில் தழைச்சத்தைச் சேர்க்கும் அவரைக் குடும்ப மரங்களை நட வேண்டாம். சுண்ணாம்பு போட அவசரப்படாதீர்கள், மண்ணைப் பரிசோதித்த பிறகு பேசலாம். முழுக்கக் காய்ந்த மரம் துளிர்க்காது, மற்றது தேறவும் சில வருடம் ஆகும்.