பதில்: நீச்சல் தொடங்கிய பிறகு கழுத்துவலி கூடிவிட்டது

நாள் முழுக்கக் கணினி வேலை, கழுத்து இறுக்கம் குறையும் என்று நீச்சலில் சேர்ந்தீர்கள்; ஒரு மாதத்தில் வலி கூடிவிட்டது என்கிறீர்கள். "தலை நனையாமல் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் பெரும்பாலும் அங்கேதான்.

பிரெஸ்ட் ஸ்ட்ரோக் என்பது குப்புறக் கிடந்து இரு கைகளையும் ஒன்றாக நீட்டி விலக்கி, தவளைபோல் கால் உதைக்கும் நீச்சல். அதில் தலையை நீருக்கு மேலேயே தூக்கி வைத்தால் கழுத்து பின்னால் மடங்கியே இருக்கும். இடுப்பு தாழும், கீழ்முதுகு வளையும். திரையை நோக்கி முகத்தை நீட்டி உட்கார்வதும் கழுத்தின் பின்தசைகளைத்தான் இறுக்குகிறது. குளத்திலும் அவற்றுக்கு ஓய்வில்லை.

முதலில் நல்ல நீச்சல் கண்ணாடி வாங்குங்கள். வாரை மாட்டாமல் கண்ணில் வைத்து அழுத்தினால் ஓரிரு நொடி ஒட்டி நிற்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் புகும், நீங்களும் பழையபடி தலையைத் தூக்குவீர்கள். ஆழம் குறைந்த பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நீரில் வைத்து மூக்காலும் வாயாலும் குமிழி விட்டுப் பழகுங்கள். மூச்சை நீருக்குள்ளேயே விட்டுவிட வேண்டும், மேலே வந்தால் இழுப்பது மட்டும்தான். வெளியே வந்த பிறகு மூச்சை விடவும் இழுக்கவும் நேரம் தேடினால் தலை மேலேயே நின்றுவிடும்.

பிறகு அதே பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் 25 மீட்டர் வீதம் 4 தடவை நீந்துங்கள், நடுவில் 30 நொடி ஓய்வு. கைகள் முன்னால் நீளும்போது பார்வை குளத்தின் தரையில் இருக்கட்டும். மல்லாந்து நீந்தத் தெரிந்தால் இடையிடையே அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்தும் ஃப்ரீஸ்டைலுக்கு இப்போதே தாவ வேண்டாம். உடம்பை உருட்டாமல் தலையை மட்டும் திருப்பி மூச்செடுத்தால் ஒரு பக்கக் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

வலி கைக்கு இறங்கினாலோ விரல்கள் மரத்துப்போனாலோ நீச்சலை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.